பராமரிப்பு உதவித்தொகை மறுக்கப்பட்டால் செய்ய வேண்டுவன

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

ஒரு கிராமத்தின் முன்னேற்றத்தை அளக்கப் புகுவோர், அங்குள்ள சாலைகளின் நீளத்தையும், குடிநீர்த் தொட்டிகளின் கொள்ளளவையும், கட்டி முடிக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கையையும் கணக்கிட்டு எழுதுகின்றனர். இவை வேண்டிய கணக்குகளே. ஆயினும், எந்தப் பதிவேட்டிலும் ஏறாத உழைப்பு ஒன்று ஒவ்வோர் ஊரிலும் நாள்தோறும் நடைபெற்று வருகிறது. எழுந்து நடக்க இயலாத மகனைக் குளிப்பாட்டி, உடுத்தி, உணவூட்டி, இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்கும் தாயின் உழைப்பே அது. அவள் களையெடுப்புக்கும் நடவுக்கும் செல்ல இயலாது. சென்றால் பிள்ளையைப் பார்ப்பார் இல்லை. செல்லாவிடில் கூலி இல்லை. இத்தகைய குடும்பங்களுக்காகவே அரசு பராமரிப்பு உதவித்தொகையை வழங்கி வருகிறது.

உதவி வேண்டி விண்ணப்பித்தோருள் சிலருக்கு அது மறுக்கப்படுகிறது. மறுப்பைக் கேட்டவுடன், "நம் தலையெழுத்து இவ்வளவுதான்" என்று வீடு திரும்பி விடுவோர் பலர். மீண்டும் மீண்டும் அதே விண்ணப்பத்தை அதே அலுவலகத்தில் கொடுத்துக் காலத்தைக் கழிப்போரும் உளர். இவ்விரண்டும் பயன் தாரா. மறுப்பை எதிர்த்துக் கேட்பதற்கு முறை ஒன்று உண்டு. முதலில் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பெற வேண்டும். அடுத்து, அந்தக் காரணத்துக்கு உரிய விடையைச் சான்றுகளுடன் தர வேண்டும். மூன்றாவதாக, அவ்விடையைக் கேட்டு முடிவு செய்யும் அதிகாரம் எந்த இடத்துக்கு உண்டோ அந்த இடத்திலேயே தர வேண்டும். இம்மூன்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் கூறுவது யாது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டு, 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கூறியிருக்க, புதிய சட்டம் 21 வகைகளைக் கூறுகிறது. 'பராமரிப்பவர்' என்னும் சொல்லுக்கு இச்சட்டம் தந்துள்ள பொருள் நாம் கருத்தில் கொள்ளத்தக்கது. ஊதியம் பெற்றோ பெறாமலோ ஒரு மாற்றுத்திறனாளிக்குத் துணையும் உதவியும் புரியும் எவரும், பெற்றோரும் குடும்பத்தினரும் உள்ளிட்டு, பராமரிப்பவரே ஆவர். ஆகவே வீட்டில் கூலியின்றி உழைக்கும் தாயும், தமக்கையும், மனைவியும், பாட்டியும் சட்டத்தின் பார்வையில் இடம் பெற்றுள்ளனர்.

இச்சட்டத்தின் 24ஆம் பிரிவு, அரசு தன் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு வகுக்க வேண்டிய சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை எடுத்துரைக்கிறது. அவற்றுள், உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பவர் உதவித்தொகையும் ஒன்று. 38ஆம் பிரிவின்படி, நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய ஒருவர், தமக்கு உயர் ஆதரவு தேவை என்று கருதினால், அதற்கென அறிவிக்கப்பட்ட அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். அவர் பொருட்டு வேறொருவரும் விண்ணப்பிக்கலாம். அவ்விண்ணப்பம் மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டு, அக்குழுவின் அறிக்கையின் பேரில், நடப்பிலுள்ள திட்டங்களுக்கு உட்பட்டு ஆதரவு வழங்கப்படும்.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023ஆம் ஆண்டில் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. அறிவுசார் குறைபாடு உடையோர், தசைச்சிதைவு நோயினர், தொழுநோயால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்குக் குறைபாடு 40 விழுக்காடு இருத்தல் வேண்டும் என்றும், கடும் உடற்குறைபாடு உடையோருக்கு 75 விழுக்காடு இருத்தல் வேண்டும் என்றும் அளவுகள் வகுக்கப்பட்டன. இந்த இரண்டு எண்களையும் வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டும். பின்னர் காட்டப்படும் எடுத்துக்காட்டு இவற்றைப் பற்றியதே. வருவாய்த் துறையின் ஓய்வூதியம் வேறு. இந்தத் தொகை வேறு. ஒருவரே இரண்டையும் பெறுவதற்கில்லை.

மாதம் 2,000 ரூபாய் என்பது ஆண்டுக்கு 24,000 ரூபாய். மறுப்பை எதிர்க்காமல் ஓராண்டு வாளாவிருக்கும் குடும்பம் இழப்பது இதனையே. நிலமற்ற வீட்டில் மருந்துக்கும், அரையாடைத் துணிக்கும், மருத்துவமனைக்குச் செல்லும் வண்டி வாடகைக்கும் இதுவே ஆதாரம்.

காரணத்தை எழுத்தில் பெறுதல்

"உங்களுக்குக் கிடையாது" என்று வாய்மொழியாகக் கூறுவதை மறுப்பாணை என்று கொள்ளலாகாது. வாய்ச்சொல்லை எதிர்த்து எவரும் மேல்முறையீடு செய்ய இயலாது; ஏனெனில் எதனை எதிர்க்கிறோம் என்பதே தெளிவாக இராது. எனவே முதல் வேலை, விண்ணப்பத்தின் மீது எடுத்த முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கேட்பதாகும்.

இதற்கு இரண்டு வழிகள் உள. முதலாவது, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு பக்க மனு எழுதி நேரில் கொடுத்து ஒப்புகை பெறுவது. பெறப்படும் மனுக்களுக்கு 3 நாட்களுக்குள் ஒப்புகையும், 30 நாட்களுக்குள் பதிலும் அளிக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டில் அரசு ஆணை பிறப்பித்துள்ளது. நேரில் செல்ல இயலாதோர் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

இரண்டாவது வழி, 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம். தாம் எடுக்கும் நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டோருக்குத் தெரிவிக்க வேண்டுவது பொது அலுவலகங்களின் கடமை என்று இச்சட்டத்தின் 4ஆம் பிரிவே கூறுகிறது. அவ்வாறு தெரிவிக்கப்படாதபோது, 6ஆம் பிரிவின் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். பத்து ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோர் அதற்கான சான்றை இணைத்தால் அக்கட்டணமும் இல்லை. எதற்காகத் தகவல் கேட்கிறீர் என்று வினவ எவருக்கும் உரிமை இல்லை. எழுத அறியாதவர் வாய்மொழியாகக் கூறினால், அதனை எழுத்தில் வடிக்க உதவுவது அந்த அலுவலரின் பொறுப்பாகும். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வாராவிடில் அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடும், அதன் பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.

கேட்க வேண்டுவன மூன்று. ஒன்று, விண்ணப்பத்தின் மீது பிறப்பிக்கப்பட்ட ஆணையின் நகல். இரண்டு, கோப்பில் அவ்விண்ணப்பம் குறித்து எழுதப்பட்ட குறிப்புகளின் நகல். மூன்று, எந்த அரசாணையின் எந்த நிபந்தனையின்படி மறுக்கப்பட்டது என்ற விவரம்.

காரணத்தை இவ்வளவு வற்புறுத்திக் கேட்பானேன் என்று சிலர் எண்ணலாம். மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கி, 1978ஆம் ஆண்டில் தீர்ப்புத் தொகுப்புகளில் வெளியான தீர்ப்பு இதற்கு விடை தருகிறது. ஓர் ஆணை செல்லுமா என்பது அவ்வாணையிலேயே கூறப்பட்ட காரணங்களைக் கொண்டுதான் முடிவு செய்யப்படும். பின்னர் புதுக் காரணங்களைச் சேர்த்து அதனை நிலைநிறுத்த இயலாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. எனவே, காரணம் எழுத்தில் கிடைத்துவிட்டால், விடையளிக்க வேண்டிய எல்லையும் வரையறுக்கப்பட்டு விடுகிறது.

நான்கு வகைக் காரணங்கள்

மறுப்புக்கான காரணங்களைப் பெரும்பாலும் நான்கு வகையுள் அடக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செல்ல வேண்டிய இடம் வெவ்வேறு.

முதல் வகை, ஆவணக் குறை. ஆதார் அட்டையில் ஒரு பெயரும், மருத்துவச் சான்றில் வேறொரு பெயரும் இருத்தல். தற்காலிகமாக வழங்கப்பட்ட மருத்துவச் சான்றின் காலம் முடிந்திருத்தல். வங்கிக் கணக்கு இயக்கமின்றி முடங்கியிருத்தல். ஆண்டுதோறும் தர வேண்டிய வாழ்நாள் சான்று தரப்படாமை ஆகியன இதில் அடங்கும். இதற்கு மேல்முறையீடு வேண்டுவதில்லை. குறையைத் திருத்தி, திருத்திய ஆவணத்தை முன்னைய விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு அதே அலுவலகத்தில் கொடுத்தால் போதும். புது விண்ணப்பமாகக் கொடுத்தால் பழைய தேதியின் முன்னுரிமை போய்விடக் கூடும்.

இரண்டாம் வகை, விழுக்காடு போதாமை. மருத்துவக் குழு அளித்த சான்றில் உள்ள எண், திட்டத்துக்கு வேண்டிய அளவைவிடக் குறைவாக இருப்பது. இங்கு நல அலுவலரிடம் வாதாடுவதில் பயனில்லை. சான்றில் உள்ள எண்ணை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, சான்றளிக்கும் அதிகாரியின் முடிவால் குறையுற்றவர் எவரும், மாநில அரசு அதற்கென நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம் என்று கூறுகிறது. இதற்குக் கால வரம்பு உண்டு. ஆகையால் சான்று கைக்கு வந்த வாரத்திலேயே முடிவு செய்தல் நன்று.

மூன்றாம் வகை, விதியைப் பொருள் கொண்டதில் வேறுபாடு. வேறு உதவி பெறுவதாகத் தவறாகப் பதிவாகியிருத்தல், வகை மாற்றிச் சேர்த்தல், நிபந்தனையில் இல்லாத ஒன்றைக் கேட்டல் முதலியன இதனுள் வரும். இதனை மாவட்ட ஆட்சியரிடமும், பின்னர் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் எடுத்துச் செல்ல வேண்டும்.

நான்காம் வகை, நிதி ஒதுக்கீடு இன்மை. உண்மையில் இது மறுப்பன்று, தள்ளிவைப்பு. தகுதி ஏற்கப்பட்டது என்பதை எழுத்தில் பெற்று, காத்திருப்போர் பட்டியலில் தமது வரிசை எண்ணையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஒதுக்கீடு வரும்போது அந்த வரிசை மீறப்படாமல் இருப்பதற்கு அந்த எண்ணே காவல்.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்தின் பொருட்டு ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். தாய் கைம்பெண், கூலி வேலை செய்து வந்தவர். பத்தொன்பது வயது மகனுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கால்கள் பின்னிக்கொள்ளும், கைகளும் வசத்தில் இல்லை. பேச்சும் சில சொற்களே. மருத்துவ முகாமில் எலும்பு மருத்துவர் பார்த்து 60 விழுக்காடு என்று சான்று வழங்கினார். கடும் உடற்குறைபாட்டுக்கு 75 வேண்டும் என்பதால் விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

தாய் செய்யக்கூடிய தவறு, "என் பிள்ளை எழுந்து உட்காரவும் முடியாதவன், அறுபது எப்படிப் போதாமற் போகும்?" என்று நல அலுவலகத்தில் கண்ணீர் வடிப்பது. செய்ய வேண்டுவது, அந்த அறுபது எதனை அளந்து வந்தது என்று பார்ப்பது. சான்றைக் கூர்ந்து படித்தால், கை கால் இயக்கம் மட்டுமே அளக்கப்பட்டிருப்பது தெரிய வரும். அறிவுசார் குறைபாட்டை எவரும் பரிசோதிக்கவே இல்லை.

எனவே அவர் மனநல மருத்துவரும் உளவியலாளரும் உள்ள அரசு மருத்துவமனையில் அப்பரிசோதனையைக் கோருகிறார். அங்கு 50 விழுக்காடு என்று தெரிகிறது எனக் கொள்வோம். இப்போது இரண்டு வழிகள் திறக்கின்றன. அறிவுசார் குறைபாட்டு வகைக்கு வேண்டுவது 40. ஐம்பது அதனைக் கடந்தது. மேலும், பல குறைபாடுகள் சேர்ந்திருக்கும்போது அவற்றைக் கூட்டிக் கணக்கிடும் முறை ஒன்று 2018ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீட்டு வழிகாட்டியில் தரப்பட்டது. அதன்படி இரண்டு எண்களையும் நேரே கூட்டுவதில்லை. பெரிய எண்ணைத் தொண்ணூறிலிருந்து கழித்து, எஞ்சியதைச் சிறிய எண்ணால் பெருக்கி, தொண்ணூறால் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணுடன் கூட்ட வேண்டும். 90இலிருந்து 60 போக 30. முப்பதை ஐம்பதால் பெருக்கினால் 1,500. அதனைத் தொண்ணூறால் வகுக்க ஏறத்தாழ 17. அறுபதுடன் பதினேழு சேர 77. கடும் குறைபாட்டுக்கு வேண்டிய எழுபத்தைந்தையும் இது கடந்துவிடுகிறது.

பிள்ளையின் நிலையில் எந்த மாற்றமும் இல்லை. முன்பு அளக்கப்படாத ஒன்று இப்போது அளக்கப்பட்டது; அவ்வளவே. மறுக்கப்பட்டவர்களின் சான்றுகளைக் கையில் வாங்கும் ஊழியர்கள், "எத்தனை விழுக்காடு?" என்று கேட்பதோடு நில்லாமல், "எது எது பார்க்கப்பட்டது?" என்றும் கேட்க வேண்டும்.

பராமரிப்பு நாட்குறிப்பு

தன் உழைப்பைத் தானே குறைத்துக் கூறுவது நம் தாய்மாரின் இயல்பு. "எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டால், "ஏதோ பார்த்துக்கொள்கிறேன் ஐயா" என்று விடை கூறிவிடுவர். வந்திருப்போர் முன்னிலையில் பிள்ளையின் குறையை விவரிக்க நாணுவர். ஆனால் அறிவுசார் குறைபாட்டை மதிப்பிடும்போது, அன்றாடச் செயல்களில் பிள்ளை தானே செய்யவல்லது யாது, பிறர் செய்துவிடுவது யாது என்பதைப் பராமரிப்பவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்கின்றனர். உயர் ஆதரவு வேண்டும் 38ஆம் பிரிவு விண்ணப்பத்துக்கும் இதுவே உயிர்நாடி. நாணத்தால் மறைக்கப்பட்ட உண்மை, சான்றில் குறைந்த எண்ணாகத் திரும்பி வரும்.

ஆகவே ஏழு நாட்களுக்கு ஒரு நாட்குறிப்பு எழுதுதல் நலம். எழுத அறியாதவருக்குப் பள்ளிப் பிள்ளையோ, சுயஉதவிக் குழு உறுப்பினரோ எழுதித் தரலாம். "எல்லாம் நான்தான் செய்கிறேன்" என்பது போதாது. காலை 5 மணிக்குத் துணி மாற்றியது. 8 மணிக்கு உணவூட்ட முக்கால் மணி நேரம் ஆனது. பகலில் நான்கு முறை தூக்கி இடம் மாற்றியது. வலிப்பு வந்து அருகிலேயே இருந்தது. இரவு 12 மணிக்கும் 3 மணிக்கும் எழுந்து புரட்டியது என்று நேரமும் எண்ணிக்கையும் தோன்ற எழுத வேண்டும். நல்ல நாளையும் கெட்ட நாளையும் உள்ளபடியே குறிக்க வேண்டும். மிகைப்படுத்தி எழுதிய ஒரு வரி, உண்மையான பத்து வரிகளையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும்.

மனுவின் மாதிரி

மனு நீளமாக இருக்க வேண்டுவதில்லை. கீழ்க்கண்ட வடிவம் போதுமானது.

"பெறுநர்: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள். பொருள்: பராமரிப்பு உதவித்தொகை மறுக்கப்பட்டதை மறுபரிசீலனை செய்யக் கோருதல். பார்வை: விண்ணப்ப எண்ணும் நாளும், மறுப்பாணையின் எண்ணும் நாளும்.

ஐயா, மேற்கண்ட ஆணையில் என் மகனுக்குக் குறைபாடு 60 விழுக்காடே என்ற காரணம் கூறப்பட்டுள்ளது. அச்சான்று கை கால் இயக்கத்தை மட்டுமே மதிப்பிட்டது. அறிவுசார் குறைபாடு பின்னர் மதிப்பிடப்பட்டு 50 விழுக்காடு எனச் சான்று பெறப்பட்டுள்ளது. ஆகவே அறிவுசார் குறைபாட்டு வகையிலோ, பல்வகைக் குறைபாட்டைக் கூட்டிக் கணக்கிட்டோ தகுதியை மறுபடி முடிவு செய்யுமாறு வேண்டுகிறேன். என் கோரிக்கை ஏற்கப்படாவிடில், அதற்கான காரணத்தையும், மேல்முறையீடு செய்ய வேண்டிய அதிகாரியையும் எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன். இணைப்பு: சான்றுகளின் நகல்கள், ஏழு நாள் நாட்குறிப்பு."

இம்மனுவில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. கூறப்பட்ட காரணம், அதற்கு விடை, கோரிக்கை, இணைப்பு என்ற நான்கே உள்ளன. இதனைக் கையில் பெறும் எழுத்தர், எந்தக் கோப்பை எடுக்க வேண்டும், எதனைச் சரிபார்க்க வேண்டும் என்பதை உடனே அறிவார்.

மேற்படிகள்

மாவட்ட அலுவலகத்தில் தீர்வு கிட்டாவிடில், திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவைக் கொடுக்கலாம். முன்னைய மனுவின் நகலையும் ஒப்புகையையும் உடன் இணைத்தல் வேண்டும்.

அடுத்த படி, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சாட்சிகளை அழைத்தல், ஆவணங்களைத் தருவித்தல் ஆகியவற்றில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இவருக்குச் சட்டத்தின் 82ஆம் பிரிவால் அளிக்கப்பட்டுள்ளது. இவர் வழங்குவது பரிந்துரையே. எனினும் 81ஆம் பிரிவின்படி, பரிந்துரையைப் பெற்ற அலுவலகம் மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லையாயின் அதற்கான காரணத்தை ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் கூற வேண்டும்.

இவற்றாலும் தீராத நிலையில் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு உண்டு. வழக்கறிஞருக்குப் பணம் ஏது என்று அஞ்ச வேண்டுவதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற உரியவர்கள். வட்ட நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இயங்குகிறது. மனு எழுதும் நிலையிலேயே அங்கு சென்று ஆலோசனை பெறலாம்.

சில எச்சரிக்கைகள்

மூலச் சான்றுகளை எவரிடமும் கொடுத்துவிடலாகாது. நகல்களையே கொடுத்து, மூலத்தைக் காட்டித் திரும்பப் பெற வேண்டும். "நான் வாங்கித் தருகிறேன்" என்று முன்வரும் இடைத்தரகருக்குக் காசு கொடுத்தல் கூடாது. இவ்வுதவியை எதிர்த்துக் கேட்கும் படிகளில் தரகுக்கு இடமே இல்லை. தகவல் உரிமை மனுவுக்கு ஆகும் பத்து ரூபாயும், தபால் செலவும், நகல் செலவுமே நியாயமான செலவுகள்.

பதினெட்டு வயது நிரம்பிய பிறகு, பெற்றோர் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. வங்கிக் கணக்கு முதலியவற்றில் இதனால் தடை எழுவதுண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளோருக்கு, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. மேற்காட்டிய தாய் இந்த விண்ணப்பத்தையும் உடன் செய்து வைத்தல் வேண்டும். தமக்குப் பின் யார் என்னும் கவலைக்கும் இதுவே முதல் ஏற்பாடு.

ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோப்பு அட்டை வாங்கி, மனு, ஒப்புகை, பதில், சான்று ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி வைப்பது நன்று. அதன் முதல் தாளில், எந்த நாளில் எந்த அலுவலகத்தில் எவரிடம் என்ன கொடுக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கட்டும்.

ஊராட்சியின் கடமை

இத்தனை படிகளையும் ஒரு தாய் தனியே ஏறி இறங்குவாள் என்று எதிர்பார்த்தல் தகாது. அவள் ஒரு நாள் மாவட்டத் தலைநகருக்குச் சென்று வர வேண்டுமாயின், அன்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். இதைத்தான் நாம் முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும். சுயஉதவிக் குழுவினர் முறை வைத்து ஒரு பகற்பொழுது பிள்ளையின் அருகில் இருந்தால், தாய் கவலையின்றிச் சென்று வருவாள்.

ஊராட்சிச் செயலரும் கிராம நிர்வாக அலுவலரும் செய்யத்தக்கது மற்றொன்று உண்டு. தம் ஊரில் இவ்வுதவி கேட்டோர், பெற்றோர், மறுக்கப்பட்டோர் என்று மூன்று பத்திகள் கொண்ட ஒரு பட்டியலை எழுதி வைத்தல் வேண்டும். மறுக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் எதிரே காரணத்தை எழுதும்போது, முன்கூறிய நான்கு வகையுள் அது எந்த வகை என்பது புலப்படும். ஆவணக் குறையாயின் ஒரே வாரத்தில் நாமே தீர்த்துவிடலாம். விழுக்காட்டுக் குறையாயின் அடுத்த மருத்துவ முகாமுக்கு எவரை, எந்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது முன்னரே தெரிந்துவிடும்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025ஆம் ஆண்டில் தமிழகச் சட்டமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. தம் இன்னலைத் தாமே அறிந்தவர் ஊராட்சி மன்றத்தில் அமரும்போது, இப்பட்டியலைக் கேட்டுப் பெறுவதே அவர் செய்யத்தக்க முதற்பணியாகும். கிராம சபை கூடும் நாட்களில் மறுப்புகளின் எண்ணிக்கையையும், அவற்றின் காரணங்களையும், எடுத்த நடவடிக்கையையும் படித்துக் காட்டலாம். நோயின் விவரத்தையும் வீட்டாரின் பெயரையும் சபையில் கூறலாகாது. எண்ணிக்கையும் காரணமும் போதும்.

விதிகள் வரம்பு வகுக்கின்றன. வரம்புக்கு வெளியே நிற்பவர் எவர், தவறுதலாக வெளியே நிறுத்தப்பட்டவர் எவர் என்பதைப் பிரித்தறிவது ஊழியர்களாகிய நம் பொறுப்பு. முதலாமவருக்கு, இல்லை என்பதைக் காரணத்தோடு மரியாதையாகக் கூறி, அவருக்குப் பொருந்தும் வேறு திட்டத்தைக் காட்ட வேண்டும். இரண்டாமவருக்கு, எழுதுகோல் எடுத்து மனுவை எழுதிக் கொடுக்க வேண்டும். இம்மாதம் உங்கள் ஊரில் அத்தகைய ஒரு வீட்டையேனும் தேடிச் சென்று, மறுப்பாணையை வாங்கிப் படித்துப் பாருங்கள். ஆணையே இல்லையென்றால், அதனைக் கேட்கும் முதல் மனுவை அன்றே அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எழுதிவிடுங்கள்.